கல்லீரல் பயாப்ஸி: ஊசிக்கு முன்னும் பின்னும்

பயாப்ஸி என்ற சொல் டாக்டர் வாயிலிருந்து வந்ததும் பர்மாவில் இருக்கும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “கேன்சரா சயா?” என்பதுதான் (டாக்டரை இங்கே சயா என்றுதான் கூப்பிடுவோம்). அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ரங்கூனில் இருக்கிற சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போகும். தட்டோனிலிருந்து பெரியம்மா கிளம்பி வந்துவிடுவார். கேன்சரைக் கண்டுபிடிக்கவும் பயாப்ஸி செய்வார்கள், நிஜம்தான். ஆனால் கேன்சருக்குச் சம்பந்தமே இல்லாத பல காரணங்களுக்காகவும் கல்லீரலில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

செய்வது என்ன? வலது பக்க விலா எலும்புக்குள் பதுங்கியிருக்கும் கல்லீரல் பெரியவர்களுக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அதிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் பருமனும் இரண்டு சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சதை இழையை ஊசியால் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000-ல் ஒரு பங்கு. கல்லீரலுக்குள் ஊசி போய்வர ஓரிரு நொடி போதும். 1883-லேயே ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மருத்துவர் கல்லீரலில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துவிட்டார். 1958-ல் இத்தாலிக்காரர் மெங்கினி ஒரே நொடியில் எடுக்கும் ஊசி முறையை எழுதிய பிறகுதான் இது உலகம் முழுக்கச் சாதாரணச் சோதனை ஆனது.

எல்லோரும் பயப்படுவது அந்த ஒரு நொடிக்கு. என்னைக் கேட்டால், அதற்கு முந்திய ஒரு வாரத்தையும் பிந்திய ஒரு ராத்திரியையும்தான் கவனிக்க வேண்டும். அந்த நொடியை டாக்டர் பார்த்துக்கொள்வார். முன்னதும் பின்னதும் நம் கையில் இருக்கின்றன.

எதற்காக எடுக்கச் சொல்கிறார்கள்

பர்மாவில் கல்லீரல் என்றாலே பீ கிருமி, சீ கிருமி பேச்சுதான் முதலில் வரும். 2015-ல் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில் 6.5% பேருக்கு ஹெப்பட்டைட்டிஸ் பீ, 2.65% பேருக்கு சீ இருந்தது. வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். முன்பெல்லாம் இவர்களுக்கு மருந்து தொடங்கும் முன் பயாப்ஸி செய்து, கல்லீரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். சீ கிருமிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலம் அது. இப்போது 12 வார மாத்திரையிலேயே பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. பயாப்ஸி கேட்பது அரிது.

தழும்பைத் தெரிந்துகொள்ள வேறு வழிகளும் வந்துவிட்டன. ஃபைப்ரோஸ்கேன் என்று ஒரு மிஷின். விலாவின் மேல் ஒரு குமிழை வைத்து லேசாகத் தட்டும். கல்லீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லிவிடும். அதுவும் இல்லாத ஊரில் ஃபிப்-4 கணக்கு இருக்கிறது. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகள்; பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் அணு. வயதை ஏ.எஸ்.டி. எண்ணால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையாலும் (ஆயிரக் கணக்கில், 1,50,000 என்றால் 150) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். கொழுப்புக் கல்லீரல் உள்ள ஒருவருக்கு விடை 1.3-க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேலே போனால் சந்தேகம் வலுக்கிறது. இடையில் நின்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டிச் சொல்லும் என்பதால் 65 தாண்டியவர்களுக்கு 2 வரை விட்டுக்கொடுப்பார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிற எண்களே போதும், தனிச் செலவு இல்லை.

அப்படியென்றால் பயாப்ஸி இன்னும் எதற்கு? இந்தச் சோதனைகள் எல்லாம் தழும்பின் அளவைத்தான் ஊகிக்கின்றன. நோய் என்ன என்று சொல்வதில்லை. ஏ.எல்.டி. மாதக்கணக்கில் ஏறியே இருக்கிறது, பீயும் இல்லை சீயும் இல்லை, குடியும் இல்லை என்றால் கல்லீரலுக்குள் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெப்பட்டைட்டிஸ் இதற்கு நல்ல உதாரணம். பெண்களுக்கு அதிகம் வருவது. அதற்கு ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், கொடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ரத்தச் சோதனையை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய மருந்தைத் தொடங்க டாக்டர்கள் தயங்குவார்கள். கல்லீரலில் செம்பு சேரும் வில்சன் நோய், ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்த வீக்கம், ஒரே ஆளுக்கு பீயும் கொழுப்பும் சேர்ந்து இருந்து எது கெடுதல் செய்கிறது என்று புரியாத நிலை, மாற்றுக் கல்லீரலை உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்ற கேள்வி என்று இன்னும் சில காரணங்களும் உண்டு.

கட்டி விஷயம் தனி. “ஊசி பட்டால் கேன்சர் பரவிவிடும்” என்று நம்மவர்கள் சொல்வதை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கல்லீரல் கேன்சர்க் கட்டியில் ஊசி போட்டால், ஊசி வந்த வழியில் கேன்சர் செல்கள் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து நூற்றில் ஓரிருவருக்கு, சில கணக்குகளில் கொஞ்சம் கூட, உண்டு. ஏற்கெனவே சிர்ரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, இருப்பவருக்குக் கட்டி வந்தால், சாய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யில் குறிப்பிட்ட அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்தாலே போதும். பயாப்ஸி இல்லாமலே முடிவு சொல்லிவிடலாம். ஸ்கேன் குழப்பமாக இருக்கும்போதுதான் ஊசி. கட்டியே இல்லாதவருக்கு இந்தப் பயம் வேண்டாம். பரவுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஆகவே டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதன் ரிசல்ட் எப்படி வந்தால் என் மருந்து மாறும் சயா?” இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. “இப்படி வந்தால் இந்த மருந்து, அப்படி வந்தால் அது” என்று விளக்கினால் தைரியமாகச் செய்துகொள்ளலாம். எப்படி வந்தாலும் இதே மாத்திரைதான் என்று பதில் வந்தால், வேறு வழி உண்டா என்று மேலே பேசலாம். பெரியவர்கள் சயா முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். கூடப் போகிற பிள்ளைகள் கேட்க வேண்டும்.

முந்திய வாரம்

கல்லீரல் பயாப்ஸியில் முக்கியமான ஆபத்து ரத்தக் கசிவு. கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. அதிலும் ரத்தம் உறையத் தேவையான பொருள்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பதே கல்லீரல்தான். அது கெட்டிருக்கும்போது ஊசி குத்துகிறோம் என்பதால்தான் முன்கூட்டியே பிளேட்லெட்டும், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணும் பார்க்கிறார்கள். பொதுவாகப் பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தாலோ, ஐ.என்.ஆர். 1.5-க்கு மேலே இருந்தாலோ தோல் வழியாகக் குத்த யோசிப்பார்கள். ரத்த குரூப்பும் பார்த்து வைப்பார்கள். ரத்தம் ஏற்பாடு செய்து வைக்கச் சொன்னால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தமில்லை, அது முன்ஜாக்கிரதை.

வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களுக்கும் ரத்தம் உறையாதவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாயை விட்டு, இதயத்தைத் தாண்டிக் கல்லீரல் ரத்தக்குழாய்க்குள் போய், உள்ளிருந்தே துணுக்கு எடுப்பார்கள். கசிந்தாலும் ரத்தம் ரத்தக்குழாய்க்குள்ளேயே போய்விடும். எல்லா ஊரிலும் இதைச் செய்ய மாட்டார்கள்.

இப்போது மருந்து விஷயம். நம் வீடுகளில் பெரிய ஓட்டை இங்கேதான். டாக்டர் “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை பெயரைச் சொல்வார்கள். மூட்டு வலிக்குக் கடையில் கலந்து கொடுக்கும் மாத்திரைப் பொட்டலத்தைச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காகிதப் பொட்டலத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக நாலைந்து மாத்திரை இருக்கும். எதற்கும் பெயர் இருக்காது. வலி மாத்திரை அதில் நிச்சயம் இருக்கும். புரூஃபன், டைக்குளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கின்றன. சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். அது கல்லீரல் வீக்கத்தை அமுக்கி வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவரையே ஏமாற்றிவிடும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காமாலைக்கு என்று அரைத்துக் குடிக்கும் கீழாநெல்லியையும், பர்மிய நாட்டு மருந்துப் பொடியையும், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரைகளையும் அப்படியே சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதில் லாபமில்லை. சில மூலிகைப் பொடிகளே கல்லீரலைக் கெடுக்கும். அந்த ஒரு தகவலாலேயே பயாப்ஸி தேவையில்லாமல் போன கதையும் உண்டு.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினின் வேலை ஒரு வாரம், பத்து நாள் வரை ரத்தத்தில் நீடிக்கும் என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொல்லலாம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானே நிறுத்தினால் கல்லீரலைப் பார்க்கப் போய் இதயத்தைக் கெடுத்துக்கொள்ள நேரும். இதய டாக்டரும் கல்லீரல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

அன்றைக்குச் சில மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். எத்தனை மணி என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். வெறும் வயிறு என்றால் வெற்றிலைபாக்கும் கிடையாது, டீக்கடை லபேயும் கிடையாது. சர்க்கரைக்காரர்கள் சாப்பிடாமல் மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் போட்டுக்கொண்டால் மயங்கி விழுவார்கள். அன்றைய டோஸ் என்ன என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த நாள்

முன்னால் பட்டன் வைத்த சட்டையும் கைலியும் வசதி. மல்லாக்கப் படுக்கவைத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். விலா இடைவெளி விரிவதற்காக அது. ஸ்கேன் பார்த்து, பித்தப்பையும் நுரையீரலும் குறுக்கே வராத இடமாகக் குறி போடுவார்கள். தோலை மருந்தால் துடைத்து, மரத்துப்போக ஊசி போடுவார்கள். பலருக்கு அதிகம் எரிவது இந்த ஊசிதான். அரை நிமிடம் சுருக்கென்று இருந்து அப்புறம் அடங்கிவிடும். பிறகு தோலில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறல். தையல் தேவைப்படாது.

இனி மூச்சு. கல்லீரல் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் நகரும். ஊசி உள்ளே இருக்கும்போது நீங்கள் இழுத்து மூச்சு விட்டாலோ இருமினாலோ கல்லீரல் கிழியலாம். அதனால் “மூச்சை வெளியே விடுங்க, அப்படியே நிறுத்துங்க” என்று சொல்லி, நிறுத்திய நேரத்தில்தான் ஊசி போகும். ஸ்பிரிங் வைத்த ஊசியாக இருந்தால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். சத்தத்துக்குத் துள்ளிவிடாமல் இருக்க, முன்பே ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இந்தக் கட்டளைகள் எல்லாம் பர்மிய மொழியில்தான் வரும். கடைத்தெருப் பர்மிய மொழி நம் பாட்டிகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பதற்றத்தில், முகமூடிக்குள்ளிருந்து வேகமாக வரும் சொல் பிடிபடாது. மூச்சை இழு, விடு, நிறுத்து, இப்போது விடலாம் என்ற நான்கையும் நர்ஸ் சயாமாவிடம் கேட்டு, முதல் நாளே வீட்டில் பாட்டியைப் படுக்கவைத்துப் பழக்கிவிடுங்கள். சம்மதக் கையெழுத்துப் பத்திரத்தையும் யாராவது தமிழில் வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்துப் போடட்டும். இருமல், விக்கல் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லி நாளைத் தள்ளிப்போடலாம்.

கல்லீரலின் உட்சதைக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் தெரியும். ஆகவே பலருக்கு வலியைவிட ஒரு குத்து விழுந்த அழுத்தம்தான் தெரியும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில சமயம் துணுக்கு போதாமல் இரண்டாம் முறை எடுப்பார்கள். அதனால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பொருளில்லை.

பிந்திய ராத்திரி

ஊசி முடிந்ததும் “அவ்வளவுதானா, வீட்டுக்குப் போகலாமா?” என்று எழுந்து உட்காருகிறவர்கள் உண்டு. கூடாது. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். உடம்பின் பாரமே ஊசி போன இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை நாடியும் பிரஷரும் பார்ப்பார்கள். ரத்தக் கசிவு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் வரும். ஏறக்குறைய எல்லாமே 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ரத்தம் ஏற்றும் அளவுக்குக் கசிவது ஆயிரத்தில் ஓரிருவருக்கு. உயிருக்கே ஆபத்தாவது அதைவிட மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நோய் முற்றியவருக்கும் கட்டி உள்ளவருக்கும் இது கூடுதலாக இருக்கலாம்.

வலது தோளில் வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். குத்தியது விலாவில், வலிப்பது தோளிலா என்று பயந்துவிட வேண்டாம். கல்லீரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது. அங்கே ஏற்படும் எரிச்சலை மூளை தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் போய்விடும். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். வீட்டில் இருக்கிற புரூஃபனையும் பழைய பொட்டலத்தையும் தொடாதீர்கள்.

வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, எழுந்தால் தலைசுற்றிக் கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை, படபடப்பு, மூச்சுத்திணறல், குளிர்க் காய்ச்சல், கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, புதிதாகக் கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதலில் பயாப்ஸி செய்ததைச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதற்காகவே திட்டம் போட வேண்டும். ரங்கூனில் காலையில் ஊசி போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மோல்மின் திரும்புவது வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலை நடுவில் கசிவு வந்தால் யாரைக் கூப்பிடுவது? அன்றிரவு ரங்கூனிலேயே, ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம். ராத்திரியில் வண்டி யார் தருவார் என்பதை முன்னதாகவே பேசி வையுங்கள். போனில் சார்ஜ் போட்டு வையுங்கள், கரண்ட் போனால் அதுதான் கை கொடுக்கும்.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரம் அரிசி மூட்டை தூக்குவது, தண்ணீர்க் குடம் சுமப்பது, மோட்டார் சைக்கிளில் குண்டும் குழியுமான பாதையில் போவது எல்லாம் வேண்டாம். கோயில் திருவிழா நெருங்கினால் காவடி, தீமிதி வேண்டுதலை எப்போது நிறைவேற்றலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்த கல்லீரல் என்னாகும் என்ற கவலை வேண்டாம். தானே வளர்ந்து சரிசெய்துகொள்ளும் உறுப்பு அது.

துணுக்குக்கு என்ன நடக்கிறது

எடுத்த இழையை, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவப் பாட்டிலில் போடுவார்கள். நல்ல கல்லீரல் செங்கபில நிறமாக இருக்கும். கொழுப்பு மிகுந்தது வெளிறி, சில சமயம் மிதக்கும். சிர்ரோசிஸ் உள்ளது பாட்டிலில் விழும்போதே துண்டு துண்டாக உடைந்திருக்கலாம். பிறகு அதை மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஒரு சாயத்தில் செல்கள் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகத் தெரியும். இன்னொன்றில் தழும்பு மட்டும் நீலமாகத் தெரியும். இரும்புச் சத்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தனிச் சாயம் உண்டு. இவ்வளவு வேலை இருப்பதால்தான் ரிசல்ட் வர நாளாகிறது.

ரிப்போர்ட்டில் பெரும்பாலும் எஃப் என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். எஃப்0 தழும்பு இல்லை, எஃப்4 சிர்ரோசிஸ்; நடுவில் இருப்பவை படிகள். வீக்கத்துக்குத் தனி எண். சில லேப்கள் 0 முதல் 6 வரை போகும் வேறு அளவுகோலைப் பயன்படுத்தும். அதனால் அண்ணனுடைய 3-ஐயும் உங்களுடைய 3-ஐயும் வைத்து ஒப்பிடாதீர்கள். கிருமியைக் குணப்படுத்தினாலோ எடையைக் குறைத்தாலோ தழும்பு குறைவதும் உண்டு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கல்லீரலுக்கு முழுக்கச் சரிவராது. நோய் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருப்பதில்லை. ஊசி போன இடத்தில் தழும்பு குறைவாக இருந்து, பக்கத்தில் அதிகமாக இருக்கலாம். அதனால்தான் துணுக்கு இரண்டு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், அதில் ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து போகும் ‘போர்ட்டல்’ பகுதிகள் பத்துப் பதினொன்றாவது தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். “மாதிரி போதவில்லை” என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அதை நல்ல ரிசல்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தச் சோதனை, ஸ்கேன், பயாப்ஸி மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நம்மவர்களில் வசதி உள்ளவர்கள் மேல் சிகிச்சைக்குச் சென்னைக்கோ பாங்காக்குக்கோ போகிறார்கள். வெறும் ரிப்போர்ட்டோடு போனால், அங்கே மறுபடி ஊசி போட வேண்டும் என்று சொல்லக்கூடும். லேபில் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் எழுதிக் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அந்த மெழுகிலிருந்து புதிதாகச் சீவி அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்லைடு உடையாமல் பெட்டியில் வைத்துக் கைப்பையில் எடுத்துப் போங்கள். மெழுகுக் கட்டியைச் சித்திரை வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.